எண்ணூறு கிலோமீட்டர் பத்தியம்

சாவியைத் தந்தபோது டார்சி சொன்னான்:
எண்ணூறு கிலோமீட்டர் ஓடும்வரை
டிரெய்லர் பூட்டாதே.
பத்தியம் என்று அவன் சொல்லவில்லை.
நான்தான் அப்படி எழுதி
ஒரு மஞ்சள் துண்டில், முள்ளுக்குக் கீழே ஒட்டிவைத்தேன்.

முதல் மிதியில்
பெடல் என்னைத் திருப்பி மிதித்தது.
ஐந்தடி ஓரங்குலம் நான்.
இருக்கையை இரண்டு பல் முன்னே இழுத்து
முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்து
மறுபடி மிதித்தேன். இறங்கியது,
ஈரம் குடித்த சீமெந்து மூட்டையைக்
காலால் தள்ளுவதுபோல.

இறங்கியதும் சத்தம்.
இரண்டு தட்டு, நடுவே ஓர் இரும்பு வட்டம்.
பிடி தளர்ந்ததும் மூன்றும்
பிஸ்கட் டின்னுக்குள் சில்லறையாய்க் குலுங்கின.
சிவப்பு விளக்கில் பக்கத்துக் கார்க்காரர்
கண்ணாடியை இறக்கி, மனமிரங்கி,
உங்கள் வண்டியில் ஏதோ உடைந்திருக்கிறது என்றார்.
இல்லை ஐயா, இதுதான் அதற்குச் சுகம்.
காலை எடுத்தால் வாயை மூடிக்கொள்ளும்.

பழையது சத்தமே போடாது.
மெத்தென்று இறங்கும், மெத்தென்று ஏறும்,
பொய் சொல்லும்.
போன ஒக்டோபரில், மெரிட் போகும் ஏற்றத்தில்,
பின்னால் குட்டி எக்ஸ்கவேட்டர்,
ஐந்தாம் கியர், அடிமட்டம் வரை மிதி.
முள் இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு என்று
நூலறுந்த பட்டமாய் மேலே போக
ட்ரக் மட்டும் அதே எண்பதில் நின்றது.
பிறகு அந்த மணம்.
ரப்பரும் மயிரும் ஒரே சட்டியில் கருகியதுபோல.
என்ஜின் பாடுபட்டதெல்லாம்
சில்லுக்குப் போய்ச் சேராமல் நடுவழியில் எரிந்த மணம்.
ஊசிகளை மாற்றி வலுவைக் கூட்டியது நான்தான்.
கையைப் பெரிதாக்கினேன்,
பிடியைப் பற்றி நினைக்கவில்லை.

பத்தியம் தொடங்கியது.
வெறும் வண்டியோடு கம்லூப்ஸ் முழுக்கச் சுற்றினேன்.
பால் இருக்கும்போதே பாலுக்குப் போனேன்.
மஞ்சள் விளக்குக்கும் நின்றேன்.
குளிர் மைனஸ் பதினெட்டில் பின்கியர் போட்டால்
கோடைவரை வராத காய்ச்சல்போல் உதறியது;
முந்நூறு தாண்டியதும் அந்த உதறல் விட்டது.
இடது கெண்டைக்கால் மட்டும்
இரவில் தனியாக விழித்திருந்தது.

கடிக்கும் இடம் ஒரு விரற்கடை.
அதற்குக் கீழே ஒன்றுமில்லை, மேலே எல்லாம்.
பழையதில் ஒரு சாண் இருந்தது.
அந்தச் சாணுக்குள்தான் நான் குடியிருந்தேன்,
ஏற்றத்தில் பிரேக் தொடாமல், அரைக் கிளட்ச்சில்,
போவதுமில்லை, பின்னால் உருள்வதுமில்லை.
வீட்டில் கேட்டபோதும் அப்படித்தான்.
எவ்வளவு முடிந்தது?
தொள்ளாயிரம் சொச்சம், என்றேன்.

இதற்கு அரை தெரியாது.
அரையில் வைத்தால் துள்ளும், முழுதாய் விடு என்கும்.
விட்டால், எண்ணெய் கொடுக்கவே வேண்டாம்,
டீசல் தன்பாட்டில் நகரும்,
பூனை குட்டியைக் கவ்வித் தூக்குவதுபோல.

எண்ணூற்றுப் பதினொன்றில் டிரெய்லரைப் பூட்டினேன்.
கொலம்பியா வீதி ஏற்றம், ஆஸ்பத்திரி விளக்கு, சிவப்பு.
பக்கத்தில் குகதாசன், கையில் கோப்பி.
பின்னால் ஒரு சின்ன வெள்ளைக் கார்
முத்தமிடும் தூரத்தில்.
கால் பெடலில். டின் குலுங்குகிறது.

உதென்னப்பா சத்தம்? உடைஞ்சு போச்சோ?
இல்லை.
தொள்ளாயிரத்துக்கு இப்பிடித்தான் இருக்கும்.

பச்சை.
மூவாயிரத்து நானூறு, என்றேன்,
காலை எடுத்தேன்.

ஒரு மயிரிழை பின்னால் உருளவில்லை.
மூக்கை உயர்த்தி, ஒரே இழுப்பு.
கோப்பி அவர் மடியில்.
சில்லறைச் சத்தம் நின்றுவிட்டது,
டர்போ மட்டும் பல்லிடுக்கால் விசிலடித்தது.

இரண்டாம் கியர்.
அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.
மூன்றாவது.