இருபத்து மூன்றாவது படம்

வானத்தில் ஒரு கம்பி.
ஆரையம்பதி மைதானத்துக்கு மேலே
அப்படியொரு கம்பி இல்லை.
வலைப்பந்துப் பிள்ளைகள் ஏழு பேருக்கும்
தலைக்கு ஒரு முழம் உயரத்தில்
படத்துக்குப் படம், கறுப்பாக,
மின்சார சபை மறந்துபோய் இழுத்துவிட்ட மாதிரி.
நிமிர்த்தி எடுத்த ஒரே படத்தில் மட்டும்
அது கப்டனின் இடது தோளில் இறங்கி
சப்பாத்துவரை போகிறது.

"கமராக் கீறல்" என்றேன்.
பார்க்காமலே சொன்னேன்.
கவரிலும் சிவப்புப் பேனையால் எழுதிக் கொடுத்தேன்.

கோசலாதேவி ரீச்சர் அந்தக் கவரோடு கல்முனைக்குப் போய்
கமரா இரவல் தந்த அத்தானிடம் கேட்டாராம்.
"நீதான் மணலுக்குள்ள வச்சிருப்பாய்" என்றாராம் அவர்.
அக்கா நடுவில் நின்று அழுதாவாம்.
இரண்டு கிழமையாகப் பேச்சுவார்த்தை இல்லை.
இதையெல்லாம் எனக்குச் சொன்னவர்
கோல் கீப்பர் பிள்ளையின் தகப்பன்,
பாஸ்போட் படம் எடுக்க வந்த இடத்தில்,
கொலர் பொத்தானைப் பூட்டிக்கொண்டே.

ரீச்சர் வீசிவிட்டுப் போன நெகட்டிவ்
லாச்சிக்குள் கிடந்தது.
இரவு விளக்கைச் சரித்துப் பிடித்தேன்.

மினுங்கல் பக்கம் சுத்தம்.
காயம் மங்கல் பக்கத்தில்.
கமராவின் அமுக்குத் தகடு
மினுங்கலைத்தான் தொடும். மங்கலைத் தொடாது.
சரி, டப்பாவின் வாயாக இருக்கலாம்,
அந்த வெல்வெட்டில் மண் குந்தியிருக்கலாம்.
(இன்னும் யாரையாவது பிடிக்கத்தான் பார்க்கிறேன்.)
ஆனால் டப்பாவை நான் இருட்டில்
மூடி கழற்றித்தான் திறப்பேன்;
சுருளில் ஒட்டியிருந்த கடைசி நாலு விரற்கடை
அந்த வாயைத் தாண்டியதே இல்லை.
அங்கேயும் கோடு.

மேலே, காயப்போடக் கிளிப் கடித்த இடத்துக்குக் கீழே
ஒரு பெருவிரல் அகலம் மட்டும் கோடில்லை.
என் கை தொடங்குகிற இடம் அது.

பிறகு இருபத்து மூன்று.
லென்ஸை வைத்துப் பார்த்தால் கோடு அங்கே
சின்னதாக ஒரு கொக்கி போட்டு
மறுபடி இறங்குகிறது.
கமராவுக்கு அப்படி வளைக்கத் தெரியாது.
அதன் தண்டவாளம் ஆணி அடித்தது.
வளைவது கைதான்.

ஞாபகம் வந்தது.
ஈரப் பிலிமை றப்பர் துடைப்பானால் வழித்துக்கொண்டிருந்தேன்.
பாதியில் வாசலில் ஒரு குரல்:
"முடிஞ்சிதா மனே?"
ரீச்சர்தான்.
"இந்தா, அஞ்சு நிமிஷம்" என்று
திரும்பிய அந்த ஒரு மூச்சு
அப்படியே பதிந்திருக்கிறது
வலைக்கு மேலே, பந்துக்குப் பக்கத்தில்.

துடைப்பானை விரித்தேன்.
கிணற்றுக்கட்டில் கழுவிக் கவிழ்த்து வைப்பது வழக்கம்.
கல்லடியில் காற்று வெறுங்கையோடு வராது.
ஒரு பக்க றப்பரின் விளிம்பில்
ஒரே ஒரு பருக்கை.
ஊசியால் நெம்பி உள்ளங்கையில் வைத்தேன்.
மூச்சு விட்டால் காணாமல் போகிற அளவு.
ஒரு குடும்பத்தை இரண்டு கிழமை
பேசவிடாமல் வைத்திருந்தது.

நெகட்டிவை வேறு கவருக்கு மாற்றவில்லை.
பழைய கவரையே ரீச்சர் வீட்டுப் படலையில் போய்க் கேட்டு வாங்கினேன்.
ஏனென்று கேட்டார். சொன்னேன்.
அவர் இருபத்து மூன்றைத் தூக்கி
வெயிலுக்கு எதிரே வெகுநேரம் பிடித்திருந்தார்.
"அத்தானுக்கு நீயே வந்து சொல்லு."

ஐந்தேகாலுக்குக் கல்முனை பஸ்.
ஆசனத்தில் முழங்கால் மேல் கவரை வைத்து
"கமரா" என்ற சொல்லின் மேல் கோடிழுத்தேன்.
குருக்கள்மடத்துப் பள்ளத்தில் பஸ் குதித்தது.
அந்தக் கோட்டிலும் ஒரு கொக்கி.