ஐந்து நாற்பது வண்டி

அம்பத்தூர் எஸ்டேட், மூன்றாவது மாடி.
செயற்கை நுண்ணறிவு வருகிறது என்றதுமே
தில்ஷாத் டிராயரைக் காலி செய்துவிட்டாள்:
சேஃப்டி பின், பாதி தைலம்,
ஒற்றைக் கொலுசு.

யாரையும் அனுப்பவில்லை.
ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தார் மேலாளர் எபிநேசர்.
"உங்க வேலையில எதை அதுக்குக் குடுக்கலாம்?
நீங்களே எழுதுங்க."

பதினோரு வருஷத்தில்
எங்களிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டே இருந்தோம்.

பாலிசி எண்களைத் தட்டுவதை எழுதினோம்.
மாதக் கடைசி அட்டவணையை.
'என் கழுத்து வலியை' என்று எழுதினான் வரதன்.
எபிநேசர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார்.

தர மாட்டோம் என்பதைத் தாளின் பின்பக்கத்தில்:
அழுகிறவர்களின் போன்கள்.
'இல்லை' என்று சொல்லும் கடிதங்கள்.

இப்போது அது படிக்கிறது, அலுக்காமல்.
நேற்று கொருக்குப்பேட்டை மனு ஒன்றை
தேதி பொருந்தவில்லையென்று ஒதுக்கியது.
தில்ஷாத் அசல் காகிதத்தை வரவழைத்து
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.
வெள்ளத்தில் ஊறிய மூன்று
எட்டாய் வீங்கியிருந்தது.
திருத்தினாள். அதற்கும் சொல்லிக்கொடுத்தாள்,
கொஞ்சம் அதட்டலாக.

நம்பிக்கை வந்துவிட்டதா என்றால்
தெரியாது.
தைலம் டிராயருக்குத் திரும்பிவிட்டது.
கொலுசு இன்னும் கைப்பையில்தான்.

எனக்கு ஐந்து நாற்பது லோக்கல் கிடைத்தது.
எப்போதும் எட்டரை வண்டிதான், கண்ணாடியில் என் முகம்தான்.
கொரட்டூர் ஏரி
இந்த நேரத்தில் என்ன நிறமென்று
எழுந்து நின்று பார்த்தேன்.