முழங்கால் ஆழம்

பலாட்டன் ஏரியின் தென்கரையில்
எவ்வளவு தூரம் நடந்தாலும்
தண்ணீர் முழங்காலை விட்டு ஏறாது.
பிள்ளைகளை இறக்கிவிட்டுத் தூங்கலாம் என்பாள் அம்மா.
அவள் தூங்கி நான் பார்த்ததில்லை.

ஆகஸ்டில் இரண்டு வாரம்.
நாங்கள் கிழக்கிலிருந்து, டிராபன்ட் காரில்,
மடியில் பெட்டி,
பெட்டி நிறையத் தகர டப்பாச் சாப்பாடு.
பெரியப்பா ஹார்ட்முட் மேற்கிலிருந்து,
பொத்தானை அமுக்கினால் கண்ணாடி இறங்கும் காரில்.
அண்ணனும் தம்பியும் பார்த்துக்கொள்ள
மூன்றாவதாக ஒரு நாடு வேண்டியிருந்தது.
பிரோஷ்கா என்ற ஹங்கேரிக்காரி
வீட்டின் பின்பக்கத்தை வாடகைக்கு விட்டாள்.
ஒரே அளவு அறைகள்தான்.
அவர்களிடம் ஒரு வாடகை, எங்களிடம் ஒரு வாடகை.

ஃப்ராவுகே என்னைவிட நான்கு மாதம் மூத்தவள்.
அவளுடைய போன வருஷத்து நீச்சலுடை
என்னுடைய இந்த வருஷத்து நீச்சலுடை.
ஒரு தடவைகூட அவள் சொல்லிக்காட்டியதில்லை.
சொல்லியிருக்கலாம்.
வெறுக்கச் சுலபமாக இருந்திருக்கும்.

கடையில் லாங்கோஷ் பொரிப்பார்கள்,
தட்டை மறைக்கிற ரொட்டி, மேலே பூண்டும் புளித்த பாலேடும்.
எங்கள் ஃபோரின்ட் எண்ணிக் கொடுத்த காசு.
பெரியப்பா பர்ஸை எடுக்கும்போதெல்லாம்
அப்பாவுக்குப் பசியில்லாமல் போய்விடும்.
கரையெல்லாம் பூண்டு மணக்க
பதினான்கு நாளும் பசியில்லாத மனிதர்.

சுவருக்கும் காது உண்டு என்பார்கள்.
எங்கள் நாட்டில் அது பழமொழி இல்லை,
மாதச் சம்பளம் வாங்குகிற வேலை.
பக்கத்துக் குடையடியில் ஒருவர்
மூன்று நாளாக ஒரே செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தார்.

அதனால்
சாயங்காலம் ஐந்து மணிக்கு
அண்ணனும் தம்பியும் எழுந்து
கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு
ஏரிக்குள் நடப்பார்கள்.
நடந்து, நடந்து,
இரண்டு தீக்குச்சி அளவு ஆகும்வரை.
நாங்கள் பின்னால் போகக் கூடாது.
டோர்ஸ்டன் ஒருமுறை போனான்;
அறை வாங்கித் திரும்பினான்.
அப்பா கை நீட்டியது
எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

அங்கே என்ன பேசுகிறார்கள்?
தப்பிப்பது பற்றி என்றாள் ஃப்ராவுகே.
கள்ளப் பாஸ்போர்ட், காரின் டிக்கி,
யார் மூச்சை எவ்வளவு நேரம் அடக்க முடியும் என்று.
ராத்திரி போர்வைக்குள் நான் அடக்கிப் பழகினேன்.
நாற்பத்தொன்றுவரை எண்ண முடிந்தது.

பிறகு சுவர் விழுந்தது.
எல்லோரும் அழுதோம், டெலிஃபோனில், முறை வைத்து.
அடுத்த ஆகஸ்டில் அவர்கள் மயோர்காவுக்குப் போனார்கள்.
நாங்கள் பஸ் ஏறிப் பாரிஸ் பார்த்தோம்.
பிரோஷ்கா ஒரு கடிதம் போட்டாள்,
அறை காலியாக இருக்கிறதென்று.
யார் பதில் எழுதினோம் என்று நினைவில்லை.

இந்தக் கிறிஸ்துமஸ் காஸலில், பெரியப்பா வீட்டில்.
வாத்து, சிவப்பு முட்டைக்கோஸ்.
தேர்தல் பற்றி டோர்ஸ்டன் வாயைத் திறக்க,
ஃப்ராவுகேயின் புருஷன் ஃபோல்க்மார் கத்தியைக் கீழே வைக்க,
யாரோ அவசரமாக வீட்டுச் சூடாக்கியின் விலையைக் கேட்டார்கள்.
எனக்கு ஒரு ஸ்வெட்டர் பரிசு.
புதுசு. விலைச்சீட்டின் நூல்கூட இருந்தது.
ஏனோ ஏமாற்றமாக இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்லைடு படம் போட்டார்கள்.
பச்சை கலந்த பால் நிறத்தில் ஏரி,
தூரத்தில் இரண்டு தீக்குச்சி.
ஒன்று அணைந்து நான்கு வருஷம்.
மற்றது தட்டில் எலும்பை ஒதுக்கிக்கொண்டிருந்தது.
அங்கே என்ன பேசினீர்கள், என்றேன்.

'கால்பந்து.'
ஒரு மணி நேரமா?
'உங்கப்பனுக்குப் பல்வலி, அதைப் பற்றி.'
அவ்வளவுதானா?
வாயைத் துடைத்துக்கொண்டார்.
'பேச ரொம்ப இல்லை.
கால் விறைத்துப்போகும்.
முதலில் கரைப்பக்கம் திரும்ப
இரண்டு பேருக்கும் மனசு வராது.'

இரவோடு இரவாகக் கிளம்பினேன்,
பக்கத்து இருக்கையில்
வெள்ளித்தாளில் சுற்றிய வாத்துக் கால்.
எல்லை இருந்த இடத்தில் இப்போது
ஒரு பழுப்புப் பலகை மட்டும்.
நூற்றிருபதில் போனால் கண்ணில் படாது.
நான் காலை எடுத்தேன்.
பின்னால் வந்தவன் இரண்டு முறை விளக்கை அடித்தான்.
அடிக்கட்டும்.
மூச்சைப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தேன்.