புள்ளிக்கோடு

மொத்தம் பதினொரு கிலோமீட்டர்.
பனிப்பாறையின் அடிவயிற்றில் கசிந்து
மூன்று வீடுகள் தாண்டும்வரை பெயரில்லை;
தண்ணீர் என்பார்கள், அவ்வளவுதான்.

மரப்பாலத்துக்குக் கீழே
என்றோ சரிந்த மலைக்குள் நுழைந்து
காணாமல் போகிறது.
அரை மைல் தள்ளி, பாதுரின் ஆலைக்குப் பின்னால்
ஏதோ ஒன்று புறப்படுகிறது.

அதுவும் இதுவும் ஒன்றா?
திபிலிசியிலிருந்து வந்த அளவையாளர்
தாடையைச் சொறிந்தார்,
புள்ளிக்கோடு போட்டுவிட்டு பஸ் ஏறினார்.

அக்டோபரில் ஒருநாள் மிஸெகாலா
மஞ்சிட்டிச் சாய அண்டாவை ஓடையில் கவிழ்த்தாள்,
கம்பளம் கேட்டவர்கள் பின்வாங்கிய கோபத்தில்.
மறுநாள் காலை பாதுர் மேலேறி வந்தான்.
குதிரை வாய்வைக்க மாட்டேனென்கிறதாம்.

"எப்போது கொட்டினாய்?"
சண்டைக்கு வந்தவன் கேட்டது அது ஒன்றுதான்.
இருட்டும் நேரம், என்றாள்.
விரல்விட்டு எண்ணினார்கள் இருவரும்:
பதினான்கு மணி நேரம்.

அரை மைலுக்கு.
உள்ளே எங்கேயோ
உட்கார்ந்திருந்துவிட்டு வந்திருக்கிறது.