பலூனுக்குப் பதினோரு சொல்

தேசப்பன் எழுதுவார்,
நான் பலூனுக்குள் அடைப்பேன்.
ஒரு பலூனுக்குப் பதினோரு சொல்.
அவருக்கோ நங்கூரன் வாயைத் திறந்தால் நாற்பது.

பகலில் துறைமுகத்தில் டேலி கிளார்க்.
இறங்கும் மூட்டைகளை எண்ணிய தாளின்
பின்பக்கத்தில்தான்
நங்கூரன் பிறந்தான், பறந்தான்,
எண்ணூர் முகத்துவாரத்தில் இருமுறை செத்தான்.
இருபத்தாறு வருஷம், நானூற்றுப் பதினொரு புத்தகம்,
பக்கத்துக்கு நாலு ரூபாய்.
அட்டையில் பதிப்பாளர் பெயர் இருக்கும்,
அச்சகத்தின் பின்கோடு இருக்கும்.

தாள் புரண்டுபோன ஓர் இரவு
வில்லன் வாயில் நான் எழுதிவிட்டேன்:
'யூரியா முந்நூற்று நாற்பது மூட்டை. நனைந்தது ஆறு.'
வியாசர்பாடியிலிருந்து கடிதம் கடிதமாய் வந்தது,
அந்தச் சங்கேதத்துக்கு என்ன அர்த்தம்?
தேசப்பன் பீடியை அணைத்தார்.
அடுத்த நான்கு இதழ்களில் அர்த்தம் கண்டுபிடித்தார்.
திட்டவில்லை.

நங்கூரன் பேசின் பாலத்தைத் தாண்டியதே இல்லை.
மவுண்ட் ரோட்டில் கொள்ளை போனால் என்ன செய்வான்
என்று கேட்டேன்.
'அங்க போலீஸ் வரும்யா' என்றார்.

என் குற்றம் ஒன்று பாக்கி இருக்கிறது.
தொண்ணூறாவது இதழ். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்.
இந்தப் பக்கம் பிரசவ வலியில் ஒருத்தி,
நடுவில் நகராத கூட்ஸ் வண்டி.
அவர் எழுதியது முப்பத்தெட்டு சொல்,
நீதி, கடல், தாய்ப்பால் எல்லாம் இருந்தது.
ஓவியர் விட்டிருந்ததோ புளியங்கொட்டை அளவு இடம்.
நான் எழுதினேன்: 'தள்ளு. தூக்குறேன்.'
புத்தகம் வந்த அன்று
அந்தப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்தார்.
மறு இதழின் தாளில்
அவர் கையாலேயே இருந்தது, நான் வெட்ட வழியில்லாமல்:
தள்ளு. தூக்குறேன்.

மூலக்கொத்தளத்தில் படிவம் நிரப்பினார்கள்.
தொழில்? என்றார் குமாஸ்தா.
'ஹார்பர், ரிட்டயர்டு' என்றான் மகன்.
கட்டத்தில் இன்னும் மூன்று சொல்லுக்கு இடமிருந்தது,
கண் தானாக அளந்துவிட்டது.
நான் பேனா கேட்கவில்லை.

திரும்பும் வழியில் அதே கேட் போட்டிருந்தது.
பக்கத்து ஷேர் ஆட்டோவில் மடியில் ஐஸ் பெட்டியோடு ஒரு பெண்.
புத்தகம் நின்றபோது பிறந்தேயிருக்க மாட்டாள்.
'இன்னாண்ணா, நங்கூரன் வந்து தூக்குனாத்தான் போல'
என்றாள் டிரைவரிடம்.
யாரும்மா அது? என்றேன்.
'யாருக்குத் தெரியும். எங்க ஏரியால அப்டித்தான் சொல்லுவோம்.'

கூட்ஸ் நகர ஆரம்பித்தது.
அவரைப்போல் உதடசைத்துப் பெட்டிகளை எண்ணினேன்.
ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று.
நடுவில் ஒன்று விட்டுப்போயிருக்கலாம்.