சாம்பல் என்று ஒரு மை இல்லை

ஒரு நிறமென்றால் சட்டைக்கு ஏழு வெள்ளி,
இன்னொரு நிறம் வேண்டுமென்றால் மேலும் இரண்டு
என்று சொல்லிவிட்டார் அச்சுக்கடை லியோங்.
குழுவின் பிஸ்கட் டின்னில் இருந்தது நூற்றுப் பத்து.
பதினான்கு மஞ்சள் சட்டை.
மிச்சத்துக்கு ஐஸ்கட்டி.
ஆகவே, கறுப்பு மட்டும்.

கோல கெட்டில் பெரிய சாலையில்
கைப்பேசிக் கடைக்கு மேல்மாடியில்
மூன்றாம் எண்ணில் மட்டும் சுற்றும் விசிறிக்குக் கீழே
தேவராணியின் முகத்தைப்
புள்ளிகளாக உடைத்துக்கொண்டிருந்தேன்.
கோல் கீப்பர். பகலில் ஆலையின் எடைமேடையில்
குலை லாரிகளை நிறுத்தி, நிறுத்து, எழுதுகிறவள்.

புகைப்படத்தில் அவளுக்கு எத்தனையோ சாயல்.
மைக்குத் தெரிந்தது இரண்டே பதில்:
உண்டு, இல்லை.
இடைப்பட்டதற்கெல்லாம்
பொய்தான் சொல்லியாக வேண்டும்.

எளிய பொய். புதிதாக ஓர் அடுக்கு.
வட்டப்புள்ளி. அங்குலத்துக்கு முப்பத்தைந்து வரிசை.
சாய்வு நாற்பத்தைந்து பாகை –
நேராக நின்றால் கண் பிடித்துவிடும்,
சாய்ந்து நின்றால் ஏமாந்துவிடும்.
சின்னப் புள்ளிக்கு வெளிச்சம் என்று பெயர்.
பெரிய புள்ளிக்கு நிழல்.
கறுப்பு எல்லாம் ஒரே கறுப்பு.

போன மாதம் யாரோ டிரோன் விட்டு எடுத்த படத்தில்
தோட்டம் இப்படித்தான் இருந்தது.
மறுநடவு ஆன பிளாக்கில் கன்றுகள் தள்ளித் தள்ளி,
மண் தெரிய, இளஞ்சாயல்.
ஆற்றோரத்து முற்றிய செம்பனைகள்
மட்டையோடு மட்டை மோதி ஒரே இருட்டு.
என் வேலையை இந்த ஊரில் யாரோ
ஒன்பது மீட்டர் இடைவெளியில்
முன்பே செய்து வைத்திருக்கிறார்கள்.

பொருளாளர் சர்மிளா குரல் அனுப்பினாள்:
"மூஞ்சியில மட்டும் கொஞ்சம் கொறைச்சிடு லா.
இருவது போதும். அழகா வரும்."

இருபது வைத்தேன்.
கன்னத்தில் கடுகு சிதறினாற்போல் சில துளி.
வந்தாள் ஒருத்தி. நல்ல பெண்தான்.
பவுடர் விளம்பரத்தில் நடிக்கலாம்.
பந்தைப் பிடிக்க மாட்டாள்.

தேவராணிக்கே அனுப்பினேன்.
"யாரு இது? ரிசர்வ் கீப்பரா?"

முப்பது. நாற்பது.
ஐம்பதில் புள்ளிகள் முனையோடு முனை தொட்டு
முகம் சதுரங்கப் பலகையானது.
அதைத் தாண்டியபோதுதான் கவனித்தேன்:
கறுப்பு இப்போது புள்ளி இல்லை, தரை.
மஞ்சள்தான் புள்ளி –
தனித்தனியாக, சுற்றிலும் கறுப்பு சூழ,
தாடையோரம் ஊசிமுனையாகி
மூக்கு நுனியில் பெருத்து.
எழுபதில்
அவள் என்னைப் பார்த்தாள்.

லியோங் தலையாட்டவில்லை.
துணி மை குடிக்கும், எழுபது கொடுத்தால் தொண்ணூறாய் வரும்,
கண்ணும் வாயும் மூழ்கிவிடும் என்றார் மலாயில்.
அவரும் குறை என்றுதான் சொன்னார்.
அவர் சொன்னது துணியைப் பற்றி.
ஐம்பத்தெட்டு வைத்துக் கொடுத்தேன்,
மீதியைத் துணி குடித்துக்கொள்ளட்டும் என்று.

ஞாயிற்றுக்கிழமை மூன்றுக்கு ஒன்று, தோல்வி.
ஒரு பெனால்டியைப் பிடித்தாள், முழங்கை உரிய.
பக்கத்தில் நின்றவர்களுக்குச் சட்டையில் வெறும் பொறிகள்.
எதிர்க் கம்பத்திலிருந்து பார்த்தால்
பதினான்கு தேவராணி.
சர்மிளாவின் நெஞ்சிலும் ஒருத்தி,
எழுபதாக.

பிறகு கைப்பேசியில் குழுப்படம்.
திரையின் வரிசையும் என் வரிசையும் மோதி
எல்லாச் சட்டையிலும் அலை அலையாய்க் கோடு.
முகங்கள் தண்ணீருக்கடியில் நெளிந்தன.
"கெட்டுப்போச்சா?" என்றாள் சர்மிளா.
இரண்டு ஒழுங்கு ஒன்றன்மேல் ஒன்று படுத்தால்
இப்படித்தான் என்றேன். யாரும் கேட்கவில்லை.
தேவராணி விரலால் பெரிதாக்கினாள், சிறிதாக்கினாள்,
மறுபடி பெரிதாக்கினாள்.
ஒவ்வொரு முறையும் அலை வேறு பக்கம் ஓடியது.

"இரு, இரு, தொடாத," என்றாள்.
"இதுல நான் சிரிக்கிறேன்."