அடி மட்டும் இல்லை

பாட்டில் எல்லாம் இருந்தது.
பாடுகிறவன் மூச்சை இழுப்பது,
ஜால்ராத் தகட்டின் சிலிர்ப்பு,
நடுவே யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொள்வதுகூட.
அடி மட்டும் இல்லை.

கதோகோவின் மட்டாட்டு,
முப்பத்து மூன்று இருக்கை, பக்கமெல்லாம் ஊதாச் சிறுத்தை,
மூன்று நாளாகப் பாதி காலியாக ஓடுகிறது.
நைரோபியில் கல்லூரிப் பிள்ளைகள்
வண்டியின் எண்ணைப் பார்ப்பதில்லை.
நிறுத்தத்தில் நின்று உள்ளங்காலால் கேட்கிறார்கள்.
தரை அதிர்ந்தால் ஏறுவார்கள்.
இல்லையென்றால்
கைபேசியைப் பார்த்தபடி
பின்னால் வருகிறவனுக்காகக் காத்திருப்பார்கள்.

கிரின்யாகா சாலையில்
டயர்க் கடைக்கும் சமோசா வண்டிக்கும் நடுவில்
நெகேசாவின் பட்டறை.
பட்டறை என்றால் ஒரு குடை, ஒரு ஸ்டூல்,
பால்மாவு டப்பா நிறையத் திருகாணி.

"பேஸ் குமிழைக் கடைசிவரை திருகியாச்சு,
இதற்குமேல் திருகினால் கையோடு வரும்."
"வரட்டும்" என்றாள்,
அதைப் பழைய இடத்துக்கே திருப்பிவைத்தாள்.

ஆம்ப் மேல் புறங்கையை வைத்தாள். வெதுவெதுப்பு.
எர்த் கம்பி பெயிண்டின் மேல் உட்கார்ந்திருந்தது;
வெள்ளி தெரியும்வரை சுரண்டினாள்.
பாட்டு கொஞ்சம் துலங்கியது,
முகம் கழுவிக்கொண்டு வந்தவன்போல.
அவ்வளவுதான்.
பெட்டியின் மூலைகளில் தீக்குச்சி கொளுத்திப் பிடித்தாள்.
சுடர் நிமிர்ந்தே எரிந்தது. ஒழுக்கு இல்லை.
பின்னிருக்கைக்கு அடியில்
பன்னிரண்டு அங்குலக் கூம்புகள் இரண்டும்
துள்ளிக்கொண்டுதான் இருந்தன.
உழைப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

நாளெல்லாம் கத்தி ஆள் ஏற்றுகிற ஒடேரா
அன்று கரும்பு மென்றுகொண்டிருந்தான்.
மென்று, துப்பி, மென்று.
சக்கையை வெளியே எறியக் குனிந்தவனின் கால் தடுக்கி
வலப்பக்கக் கம்பி பிடுங்கிக்கொண்டது.

வந்தது.
முதலில் இருக்கைகளின் இரும்பில்,
பிறகு பல்லில்,
பிறகு தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே.

ஒன்று நின்றதும் பாட்டுக்கு வயிறு முளைத்தது.
மூவரும் அந்தக் கம்பியைப் பார்த்தார்கள்.
கதோகோ விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்:
"அப்படியானால் அந்த இன்னொன்றை விற்றுவிடலாமா?
என்ன விலை போகும்?"

நெகேசா பதில் சொல்லவில்லை.
டார்ச்சிலிருந்து ஒரு செல்லை உருவினாள்.
இரண்டு துண்டு வயர்,
இடக்கூம்பின் முனைகளில் ஒரு தொடல்,
பொக்கென்று வெளியே எட்டிப் பார்த்தது.
அதே செல், அதே தொடல், வலக்கூம்பு
தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

இவன் தள்ளும் காற்றை அவன் விழுங்குகிறான்.
அவன் தள்ளுவதை இவன்.
மூன்று நாளாக, ஜுஜா சாலை முழுக்க,
இரண்டு பேரும் முழுமூச்சாக.

"போன வாரம் மழை"
என்றான் ஒடேரா, கரும்பைப் பார்த்து.
"கூரை ஒழுகியது. கம்பி அறுந்தது.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நான்தான் முறுக்கினேன்.
மேசை விளக்கு வயர். இரண்டும் பழுப்பு.
எது எது என்று யாருக்குத் தெரியும்?"

கதோகோ வாயைத் திறந்தான். மூடினான்.
அந்த வயரை வாங்கிவந்தது அவன்.
பத்து ஷில்லிங் மிச்சம்.

கம்பிகளை இடம் மாற்றினாள்.
பாட்டை முதலிலிருந்து விட்டாள், சத்தம் பாதியில்.

டயர்க் கடையின் தகரக் கதவு முதலில் பேசியது.
சமோசாக்காரரின் எண்ணெயில் வட்டங்கள்.
பால்மாவு டப்பா ஸ்டூலின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்ந்து,
விளிம்பில் சற்று யோசித்து,
விழுந்தது.

திருகாணிகளை ஒடேரா பொறுக்கினான்,
யாரும் சொல்லாமலே.
கதோகோ ஏற்கெனவே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்,
மணி ஐந்தாகப் போகிறது, கல்லூரி விடும் நேரம்.

"இரு" என்றாள் நெகேசா.
பையிலிருந்து நகப்பூச்சை எடுத்து
பழுப்புக் கம்பிகளில் ஒன்றுக்கு மட்டும்
சிவப்பாக ஒரு வளையம் இட்டாள்.
காய நேரமில்லை.
ஊதினாள்.
மீதி ஒரு சொட்டு அவள் கட்டைவிரல் ரேகையில்,
வண்டி போன பிறகும் ஈரமாக.